தீயணைப்பு வண்டி யாருடையது? தனியே பிரிந்து போன ஒரு நகரம் பற்றிச் சில குறிப்புகள்

அதிகாரப் பகிர்வு பற்றி எம்மவர் நடத்திய விவாதங்களை முப்பது ஆண்டுகளாக வாசித்து வருபவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1987 முதல் நாம் பெரும்பாலும் காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம் என்ற இரண்டையே சுற்றிச்சுற்றி வந்திருக்கிறோம். அவை முக்கியமல்ல என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வீடு தீப்பற்றும்போது வண்டி எங்கிருந்து புறப்படுகிறது, அந்த வண்டியை வாங்கிய பணம் யாருடையது, எந்த எல்லைக்கோட்டில் அது நின்றுவிடும் என்பவையும் அதிகாரம் பற்றிய கேள்விகள்தாம். இவற்றை 'உள்ளூராட்சி விடயம்' என்று ஒதுக்கிப் பிரதேச சபைத் தவிசாளர்களின் தலையில் கட்டிவிட்டு, நாம் பெரிய சொற்களுக்குப் போய்விடுகிறோம்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், அற்லாண்டாவுக்கு வடக்கே சான்டி ஸ்பிறிங்ஸ் என்றொரு நகரம் இருக்கிறது. 2005இல் அது தன்னைத் தனி நகரமாக்கிக் கொண்டது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் தனக்கெனப் பொலிஸும் தீயணைப்புப் படையும் அமைத்துக் கொண்டது. வீதி, வாய்க்கால், சமிக்ஞை விளக்கு போன்ற பொதுவேலைகளையும் கவுண்டியிடமிருந்து பொறுப்பெடுத்தது. இதைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணம் இதுதான்: பிரிந்து போகும் உரிமையை நாம் எப்போதும் ஒடுக்கப்பட்டவன் பக்கத்தில் நின்றே பார்த்துப் பழகியவர்கள். இங்கே பிரிந்து போனவர்கள் வசதி படைத்தவர்கள். ஆனால் அவர்கள் பேசிய மொழி எமக்கு மிக நன்றாகத் தெரிந்த மொழி. எமது வரியை வேறெங்கோ செலவிடுகிறார்கள்; எமது வீதியைத் திருத்துவதை எம்மைத் தெரியாதவர்கள் தீர்மானிக்கிறார்கள்; எமது அலுவலை நாமே பார்த்துக்கொள்ள விடுங்கள்.

அமெரிக்காவில் எல்லா நிலமும் ஏதோ ஒரு நகரசபைக்குள் அடங்குவதில்லை. மாநிலங்கள் கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கவுண்டியை எமது மாவட்டத்தோடு ஒப்பிடலாம். ஆனால் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. கவுண்டிக்குள் சில இடங்கள் சாசனம் பெற்ற நகரங்களாக இருக்கும். எந்த நகரத்திலும் சேராத மீதி நிலத்துக்குப் பொலிஸ், தீயணைப்பு, வீதி எல்லாவற்றையும் கவுண்டியே கொடுக்கும். சான்டி ஸ்பிறிங்ஸ் 2005 வரை ஃபுல்ற்றன் கவுண்டியின் இத்தகைய மீதி நிலமாகவே இருந்தது. எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள், வானளாவிய அலுவலகக் கட்டடங்கள், பெருநிறுவனங்களின் தலைமையகங்கள் எல்லாம் இருந்தும் அது சட்டப்படி ஒரு ஊர் அல்ல.

ஃபுல்ற்றன் கவுண்டியின் உருவத்தை வரைபடத்தில் பார்த்தால் அதன் வரலாறு பாதி விளங்கிவிடும். வடக்குத் தெற்காக நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் துண்டு, நடுவே அற்லாண்டா. இந்த உருவம் இயற்கையானதல்ல. பெருமந்த காலத்தில் வடக்கிலிருந்த மில்ற்றன் கவுண்டியும் தெற்கிலிருந்த காம்பெல் கவுண்டியும் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தன. 1932 தொடக்கத்தில் இரண்டும் ஃபுல்ற்றனோடு இணைக்கப்பட்டன. அதாவது அற்லாண்டாவின் வருமானம் இரு பக்கத்துக் கிராமப்புறங்களையும் தாங்கிப் பிடித்தது. பிற்காலத்தில் வடக்கு செல்வந்தர் வாழும் இடமாக மாறியபோது, 'எமது பணம் தெற்குக்குப் போகிறது' என்று எழுந்த குரலில் 1932 இடம்பெறவில்லை. சான்டி ஸ்பிறிங்ஸ் பழைய மில்ற்றன் கவுண்டியைச் சேர்ந்ததல்ல என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு வடக்கே பின்னர் தோன்றிய மில்ற்றன், ஜோன்ஸ் கிறீக் ஆகிய நகரங்கள் அந்த மண்ணில்தான் அமைந்தன. பழைய மில்ற்றன் கவுண்டியைத் திரும்ப உருவாக்கும் யோசனையும் மாநில சட்டசபையில் பல தடவை எழுப்பப்பட்டது.

1966இல் அற்லாண்டா நகரம் சான்டி ஸ்பிறிங்ஸைத் தன்னோடு இணைக்க முயன்றது. வாக்கெடுப்பில் அங்குள்ளவர்கள் நிராகரித்தார்கள். பாடசாலைகளில் நிறப்பிரிவினையை ஒழிக்க நீதிமன்றங்கள் கட்டளையிட்டு வந்த காலம் அது. வெள்ளையர் அற்லாண்டாவை விட்டு வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நிராகரிப்பில் நிறவெறி இருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய ஆதாரங்களோடு எழுதியிருக்கிறார்கள். 1975இல் தனி நகரத்துக்கான குழு உருவானது. அதன் முன்னணியில் நின்றவர் ஈவா கலாம்பொஸ் என்ற பொருளியலாளர்.

இவரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் விடமுடியாது. 1928இல் ஜேர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாசிகளிடமிருந்து தப்பிச் சிறுமியாக நாடு விட்டு நாடு வந்தவர். அகதி. முப்பது ஆண்டுகள் விடாமல் நின்று, எழுபது வயது தாண்டிய பிறகு அந்நகரத்தின் முதல் மேயரானார். 2014 தொடக்கம் வரை பதவி வகித்து 2015இல் காலமானார். ஒரு எல்லைக்கோடு மனிதரை என்ன செய்யும் என்று அனுபவத்தில் அறிந்த ஒருவர் இன்னொரு எல்லைக்கோட்டை வரைவதற்குத் தன் வாழ்நாளின் பாதியைச் செலவிட்டார். இதில் முரண் இருக்கிறதா இல்லையா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தன் வீட்டு வாசலில் தனக்கென ஒரு ஆட்சி வேண்டும் என்ற ஏக்கம் அகதிக்கு மற்றவர்களை விடக் கூடுதலாகவே இருக்கும் என்பதும் உண்மைதானே.

முப்பது ஆண்டுகளும் தடையாக இருந்தது மாநில சட்டசபை. ஏற்கெனவே உள்ள நகரத்துக்கு மூன்று மைலுக்குள் புதிய நகரம் அமைக்கக்கூடாது என்ற விதி ஒன்று. சட்டசபையில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை இன்னொன்று. 2005இல் இரண்டு சபைகளும் றிப்பப்ளிக்கன் கட்சியின் கைக்கு வந்தபோது மூன்று மைல் விதி நீக்கப்பட்டது. அந்த ஆண்டு யூன் 21இல் நடந்த வாக்கெடுப்பில் 94 வீதத்தினர் ஆம் என்றார்கள். டிசெம்பர் 1ஆம் திகதி நகரம் பிறந்தது.

பிறந்த அன்று அதனிடம் எதுவுமில்லை. சட்டப்படி, தேர்தல் முடிந்து சபை பதவியேற்கும் வரை பணம் கடன் வாங்கவோ ஆள் எடுக்கவோ ஒப்பந்தம் கைச்சாத்திடவோ யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஒலிவர் போட்டர் என்ற ஓய்வுபெற்ற தொலைபேசி நிறுவன அதிகாரியின் தலைமையில் தொண்டர் குழுக்கள் மாதக்கணக்கில் கூடித் திட்டம் போட்டன. அவர்கள் கண்ட வழி, நகர நிர்வாகம் முழுவதையும் ஒரு நிறுவனத்திடம் கொந்தராத்துக்குக் கொடுப்பது. கொலராடோவைச் சேர்ந்த சீஎச்ரூஎம் ஹில் என்ற பொறியியல் நிறுவனம் அதைப் பொறுப்பெடுத்தது. ஒப்பந்தம் கைக்கு வருமுன்னரே தன் சொந்தப் பொறுப்பில் ஆள் சேர்த்து, கணினி வாங்கி, முதல் நாள் காலையில் கதவைத் திறந்து வைத்தது. கட்டட அனுமதி, வரி அறவீடு, வீதி, வாய்க்கால், பூங்கா எல்லாம் கொந்தராத்து. பொலிஸையும் தீயணைப்பையும் விட்டுப் பார்த்தால் நகரத்தின் சொந்தச் சம்பளப் பட்டியலில் ஒரு கட்டத்தில் ஏழு பேர்தான் இருந்தார்கள்.

தனியார்மயத்தின் ஆதரவாளர்கள் இதைக் கொண்டாடினார்கள். நயோமி கிளைன் 2007இல் வெளியான தன் நூலில், பணக்காரர் தமக்கெனப் பிரித்தெடுத்துக்கொள்ளும் அரசுக்கு உதாரணமாக இதே நகரத்தைக் காட்டினார். இரு தரப்பும் கொந்தராத்தையே பார்த்தன. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது கொந்தராத்துக்குக் கொடுக்கப்படாமல் விடப்பட்டது எது என்பது. வரிக்கணக்கை, ஏன், நகரத்தின் பெரும்பகுதி நிர்வாகத்தையே வெளியாருக்குக் கொடுக்கத் துணிந்தவர்கள், துப்பாக்கியையும் தண்ணீர்க் குழாயையும் கொடுக்கவில்லை.

துப்பாக்கி விளங்குகிறது. தண்ணீர்க் குழாய் ஏன்?

தீயணைப்பைத் தனியாரிடம் கொடுத்த நகரம் இல்லாமல் இல்லை. அரிசோனாவின் ஸ்கொட்ஸ்டேல் 1950களின் தொடக்கம் முதல் றூறல் மெற்றோ என்ற தனியார் நிறுவனத்தின் தீயணைப்புச் சேவையையே பெற்று வந்தது. நீண்டகாலம் அது வெற்றிக் கதையாகச் சொல்லப்பட்டது. புதிய வீடுகள் அனைத்திலும் கூரையிலிருந்து தானாக நீர் தெளிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று 1985இல் அந்நகரம் சட்டம் இயற்றியது. வீடு தன் தீயைத் தானே ஓரளவு அணைத்துக்கொண்டால் வண்டியும் ஆளும் குறைவாகப் போதும் என்பது கணக்கு; நல்ல கணக்குத்தான். 2003இல் நகரத்துக்கெனச் சொந்தத் தீயணைப்புப் படை வேண்டும் என்ற முன்மொழிவை வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். ஆனால் அதே ஆண்டு, ஒப்பந்தத்தைத் தொடரப்போவதில்லை என்று நிறுவனமே அறிவித்துவிட்டது. மக்கள் வேண்டாம் என்ற படையை நகரம் அவசர அவசரமாகக் கட்ட வேண்டியதாயிற்று. 2005 யூலை 1ஆம் திகதி ஸ்கொட்ஸ்டேலின் சொந்தப் படை வேலையைத் தொடங்கியது. அப்போது சான்டி ஸ்பிறிங்ஸ் வாக்களித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

தெருக்கூட்டும் நிறுவனம் விலகினால் குப்பை ஒரு வாரம் கிடக்கும், நாறும், அவ்வளவுதான். தீயணைப்புக்கு அந்த ஒரு வாரம் கிடையாது. இன்றைய வீடுகளில் இருக்கும் செயற்கை நுரை மெத்தைகளும் பிளாஸ்ரிக் சாமான்களும் சேர்ந்து ஒரு அறையை ஐந்து நிமிடத்துக்குள் முழுதாக எரிய வைக்கும் என்பதை அமெரிக்கப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. பழைய மரத் தளபாடமும் பருத்தியும் இருந்த அறைக்கு அரை மணி நேரம் வரை எடுத்தது. 2001இல் வெளிவந்த 1710ஆம் இலக்கத் தேசிய நியமம் முதல் வண்டி நான்கு நிமிடப் பயணத்தில் வந்து சேர வேண்டும், அதில் நான்கு பேர் இருக்க வேண்டும் என்றது. ஆக, தீயணைப்பு என்பது உண்மையில் தீயை அணைப்பதைவிடக் காத்திருப்பதற்குக் கொடுக்கும் கூலி. அமெரிக்கத் தீயணைப்புப் படைகளுக்கு வரும் அழைப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்கானவை. தீ ஐந்து வீதம்கூட இல்லை.

காத்திருப்பதற்கு எத்தனை பேர் வேண்டும்? நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் இரவு பகல் நிற்காமல் ஓட வேண்டுமானால் அதற்கு ஐந்து பேர் தேவை. வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒருவர் நாற்பது மணித்தியாலம் நின்றால் நாலேகால் ஆள். லீவும் சுகவீனமும் சேர்த்தால் ஐந்து. விரிவுரை மண்டபத்தில் நின்ற காலத்தில் இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. அமெரிக்கத் தீயணைப்பாளர் வழமையாக 24 மணித்தியாலம் நிலையத்தில் நின்று 48 மணித்தியாலம் வீட்டில் நிற்பவர்கள். சராசரி வாரம் 56 மணித்தியாலம். அப்படிப் பார்த்தால் ஒரு இருக்கைக்கு மூன்று பேர். லீவு, சுகவீனம், பயிற்சி சேர்த்தால் நான்கு பேரை நெருங்கும். நான்கு இருக்கை உள்ள ஒரு வண்டிக்குப் பதினைந்து பேர் அளவில். இப்போது ஒரு நகரத்துக்கு எத்தனை வண்டி என்று பார்க்கலாம். காப்புறுதிக் கம்பனிகளுக்காக நகரங்களின் தீப்பாதுகாப்பை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் ஐஎஸ்ஓ என்ற அமைப்பு, கட்டடம் நிறைந்த பகுதியின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றரை மைல் வீதித் தூரத்துக்குள் தண்ணீர் வண்டியும் இரண்டரை மைலுக்குள் ஏணி வண்டியும் இருக்கிறதா என்று பார்க்கும். அந்தத் தரம் வீட்டுக் காப்புறுதிக் கட்டணத்தில் எதிரொலிக்கும். ஆகவே வரியைக் குறைக்க நிலையத்தை மூடும் சபை, மக்களின் காப்புறுதிச் செலவை ஏற்றிவிடக்கூடும்.

இந்தச் சுமையைச் சான்டி ஸ்பிறிங்ஸ் எப்படி ஒரே ஆண்டில் தாங்கியது? நிலையங்கள் ஏற்கெனவே இருந்தன. ஃபுல்ற்றன் கவுண்டி, வடக்கிலும் தெற்கிலும் அறவிட்ட வரியில் கட்டியவை. புதிய நகரம் ஒன்று தன் எல்லைக்குள் இருக்கும் கவுண்டியின் தீயணைப்பு நிலையங்களை ஒன்று 5,000 டொலருக்கும், பூங்காக்களை ஏக்கர் 100 டொலருக்கும் வாங்கிக்கொள்ள ஜோர்ஜியச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐயாயிரம் டொலருக்கு இன்று ஒரு நல்ல பழைய கார்கூட வாங்க முடியாது. இந்தச் சட்டத்துக்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: அப்பகுதி மக்கள் தம் வரியால் ஏற்கெனவே ஒரு முறை அதற்குப் பணம் கட்டிவிட்டார்கள், இரண்டாம் முறை ஏன் கட்ட வேண்டும்? இந்த நியாயத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் அதே கட்டடத்துக்குத் தெற்கில் இருந்தவரும் பணம் கட்டியிருக்கிறார். அவருக்குத் திரும்பிக் கிடைத்தது என்ன என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. கூட்டுக் குடும்பம் பிரியும்போது வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதல்ல, யார் அதில் நின்றுகொண்டிருக்கிறார் என்பதே முடிவு செய்தது.

ஒரு ஒப்பீடு. சான்டி ஸ்பிறிங்ஸை ஒட்டி, பக்கத்து டிகால்ப் கவுண்டியில் 2008இல் டன்வூடியும் 2012இல் புறூக்ஹேவனும் இதே வழியில் நகரங்களாயின. அவை சொந்தப் பொலிஸை அமைத்தன. தீயணைப்பைக் கவுண்டியிடமே விட்டுவிட்டன. ஆகவே தனி நகரம் என்றால் தனித் தீயணைப்பு வேண்டும் என்பது விதியல்ல. அது ஒரு தெரிவு.

இனித் தெற்குக்கு வருவோம். 2006இல் வடக்கில் ஜோன்ஸ் கிறீக்கும் மில்ற்றனும் பிரிந்தன. (ஜோன்ஸ் கிறீக்கிலும் சுற்றுவட்டத்திலும் தமிழ் பேசும் மென்பொருள் துறைக் குடும்பங்கள் இன்று கணிசமாக உண்டு.) வடக்கில் மீதி நிலம் இல்லாமற் போயிற்று. கவுண்டியின் தீயணைப்பும் வீதி வேலையும் தெற்கின் மீதி நிலத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டி வந்தன. தெற்கில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். 2007இல் தனி நகரமாவதா என்று அவர்களிடம் கேட்கப்பட்டபோது மிகப் பெரும்பான்மையினர் மறுத்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை பிரிவு என்பது தாம் கேட்டது அல்ல, தம்மீது விழுந்தது. 2011இல் சட்டசபையின் கறுப்பின உறுப்பினர் குழுவும் சிவில் உரிமை இயக்கத்தின் மூத்தவரான ஜோசப் லோவரியும், இப்புதிய நகரங்கள் கறுப்பின மக்களின் வாக்குப் பலத்தைக் கரைக்கின்றன என்று வழக்குப் போட்டார்கள். 2012இல் வழக்குத் தள்ளுபடியானது. 2016 நவம்பரில் மீண்டும் வாக்கெடுப்பு நடந்து இம்முறை ஆம் என்றானது. 2017 மே மாதம் சவுத் ஃபுல்ற்றன் நகரம் உருவாகி, பின்னர் கவுண்டித் தீயணைப்புப் படையில் எஞ்சியிருந்ததைப் பொறுப்பெடுத்தது.

2020 குடிசன மதிப்பில் சான்டி ஸ்பிறிங்ஸின் சனத்தொகை 108,080. சவுத் ஃபுல்ற்றனுடையது 107,436. அறுநூறு பேர்தான் வித்தியாசம். தீக்கு வேண்டிய வண்டியும் ஆளும் ஏறத்தாழ ஒன்றே. பரப்பளவு கூடிய தெற்குக்கு இன்னும் சற்றுக் கூட வேண்டும். ஆனால் வரி? சான்டி ஸ்பிறிங்ஸின் சாசனம் ஆதனவரியை (நாம் சோலைவரி என்போமே, அது) ஆயிரம் டொலர் மதிப்புக்கு 4.731 டொலர் என வரையறுத்திருக்கிறது. மக்கள் வாக்கெடுப்பின்றி ஏற்ற முடியாது. சவுத் ஃபுல்ற்றனில் அறவிடப்பட்ட வீதம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஜோர்ஜியாவில் சந்தைப் பெறுமதியின் 40 வீதத்துக்கே வரி கணிப்பார்கள். சலுகைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், வடக்கில் ஐந்து இலட்சம் டொலர் வீட்டுக்கு நகரவரி 946 டொலர். தெற்கில் மூன்று இலட்சம் டொலர் வீட்டுக்கு, சரியாக இரண்டு மடங்கு வீதம் என்று வைத்தாலும், 1,135 டொலர். சிறிய வீட்டில் இருப்பவர் அதே தீயணைப்பு வண்டிக்குக் கூடப் பணம் கட்டுகிறார். இதற்குக் காரணம் தெற்கின் நிர்வாகச் சீர்கேடு என்று ஒரு வாதம் உண்டு. சீர்கேடே இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அலுவலகக் கோபுரங்கள் எல்லாம் கோட்டின் மறுபக்கத்தில் இருக்கும்போது எந்த நிர்வாகியாலும் இந்தக் கணக்கை நேராக்க முடியாது.

எல்லைக்கோடு தீயின் முன்னால் என்ன செய்யும் என்பதற்கு 2010 செப்ரெம்பரில் நடந்த ஒரு சம்பவம் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டது. பெயர் ஒற்றுமையால் குழம்ப வேண்டாம்: அது ரெனசி மாநிலத்தில் உள்ள சவுத் ஃபுல்ற்றன், வேறொரு சிறிய நகரம். அதன் தீயணைப்புப் படை, நகர எல்லைக்கு வெளியே கிராமத்தில் இருந்தவர்களுக்கு ஆண்டுக்கு 75 டொலர் சந்தாவுக்குச் சேவை செய்து வந்தது. சந்தா கட்டாத ஒருவரின் வீடு எரிந்தபோது வண்டி வந்தது. பக்கத்துக் காணிக்காரர் சந்தா கட்டியிருந்ததால் அவருடைய காணிக்குத் தீ பரவாமல் தடுத்துவிட்டு, வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. படையினர் கொடியவர்கள் அல்லர். கட்டாதவருக்கும் அணைத்தால் நாளை யார் கட்டுவார் என்பதே அவர்களது சபையின் கேள்வி. அந்தக் கேள்வியும் தர்க்கரீதியானதுதான். அந்தத் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எரிந்த வீடு காட்டியது.

எம்மிடையே உள்ள இடதுசாரி நண்பர்கள் சிலர், இது வெறும் பணக்கார வெள்ளையரின் சூழ்ச்சி என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது போதாது. சான்டி ஸ்பிறிங்ஸில் இன்று ஐந்தில் ஒருவர் அளவில் கறுப்பின மக்கள். கவுண்டி வீதிகளைக் கவனியாது விட்டது என்ற முறைப்பாடு பொய்யென்று சொல்லிவிட முடியாது. தன் தெருவைத் தீர்மானிக்கும் சபை நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது நல்ல கோரிக்கை. பிரச்சினை கோரிக்கையில் இல்லை. கோட்டை வரையும்போது மறுபக்கத்தில் விடப்பட்டவனுக்கு அந்த வாக்கெடுப்பில் இடம் இல்லாததில் இருக்கிறது. 94 வீதம் என்பது கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களின் 94 வீதம். சுயநிர்ணயம் பற்றிப் பேசும் நாம், 'யார் வாக்களிப்பது' என்ற இக்கேள்வியை வசதியான நேரங்களில் மட்டும் எழுப்புகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொந்தராத்தின் கதி என்னவாயிற்று என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011இல், ஒரே நிறுவனத்திடம் இருந்த வேலைகளைத் துண்டு துண்டாக்கிக் கேள்விப்பத்திரம் கோரினார்கள். பல நிறுவனங்களுக்குப் பகிர்ந்ததில் ஆண்டுக்குச் சுமார் 7 மில்லியன் டொலர் குறைந்தது. அப்படியானால் முதல் ஐந்தாறு ஆண்டுகள் கூடக் கொடுத்தார்கள் என்றுதானே பொருள். 2019இல் அடுத்த சுற்று வந்தபோது விலைகள் ஏறியிருந்தன. கணக்குப் பார்த்த நகர நிர்வாகம், பொதுவேலைகள் உட்படப் பெரும்பாலான பகுதிகளின் ஆட்களை நகரமே நேரடியாக வேலைக்கு எடுத்தால் ஐந்து ஆண்டில் 14 மில்லியன் டொலருக்கு மேல் மிச்சம் என்றது. சபை அவ்வாறே தீர்மானித்தது. சில சேவைகள் மட்டும் கொந்தராத்தில் தொடர்ந்தன. தனியார்மயத்தின் முன்மாதிரி என்று உலகெங்கும் காட்டப்பட்ட நகரம், கொள்கை எதையும் பேசாமல், கூட்டல் கழித்தல் கணக்கில் பொதுத்துறைக்குத் திரும்பியது. பிரிவைக் கொண்டாடிய கட்டுரைகள் அளவுக்கு இந்தத் திரும்பலைப் பற்றி நான் கட்டுரைகள் காணவில்லை.

பணம் மட்டுமல்ல இதில். எந்த மதகு எந்த மழைக்கு அடைக்கும், எந்தக் குழாய் யாருடைய காணிக்கு அடியால் போகிறது என்பது வரைபடத்தில் பாதியும் வேலைகாரரின் தலையில் பாதியுமாக இருக்கும் அறிவு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கொந்தராத்து மாறினால் அந்தத் தலைகளும் மாறும். தொழிற்சாலையில் பழைய இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லும் ஆளை வேலையால் நிற்பாட்டியபின் என்ன நடக்கும் என்பதைக் கண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் நகரத்தின் கைக்கு வரவேயில்லை: தண்ணீர். சான்டி ஸ்பிறிங்ஸின் வீடுகளுக்கும், வீதியோரத் தீயணைப்புக் குழாய்களுக்கும் நீர் கொடுப்பது அற்லாண்டா நகரம். 1966இல் எந்த நகரத்தோடு சேர மாட்டோம் என்றார்களோ அதே நகரம். அற்லாண்டாவாசிகளை விடக் கூடிய விலைக்கே இவர்கள் அந்த நீரை வாங்குகிறார்கள். அற்லாண்டா மாநகரசபைத் தேர்தலில் இவர்களுக்கு வாக்கு இல்லை. நீரழுத்தம் குறைவு, குழாய்கள் பழுது என்று பல ஆண்டுகளாக முறைப்பட்டும் வந்திருக்கிறார்கள். ஐஎஸ்ஓ தரப்படுத்தலில் நூறு புள்ளியில் நாற்பது தண்ணீருக்கு. வண்டி சொந்தம், ஏணி சொந்தம், ஐயாயிரம் டொலருக்கு வாங்கிய நிலையமும் சொந்தம். வண்டியை நிறுத்தி இறங்கும் தீயணைப்பாளர் குழாயை மாட்டுவது அற்லாண்டாவின் இரும்பில்.